காளியம்மாளுக்கு ஒரு முகம்

செத்தவர்களுக்கு முகம் கொடுப்பவன் என்று திருவாரூரில் எங்கள் தெருவில் நெடுமாறனுக்கு ஒரு பெயர் உண்டு. வைத்தவன் நான்தான். அவன் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் நான் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். அவன் படத்தை அச்சடித்துக் கொடுத்தால் கண்ணாடியும் சட்டமும் என் பொறுப்பு. கல்யாணப் படத்தையெல்லாம் இப்போது யார் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்? எல்லாம் செல்போனிலேயே பிறந்து செல்போனிலேயே தொலைந்துபோகின்றன. இன்றைக்கு ஒரு மனிதனுக்குச் சட்டம் கிடைப்பது செத்த பிறகுதான். நம் இரண்டு பேர் பிழைப்பும் சாவை நம்பித்தான் ஓடுகிறது என்று அவனைச் சீண்டுவேன். "வாயக் கழுவுங்க ஜாஃபர் பாய்" என்பான்.

அவன் வேலை அப்படி. ஒருத்தர் ஆதார் அட்டையை நீட்டுவார். அதில் இருப்பவர் உயிரோடு இருந்தபோதே செத்தவர் மாதிரி இருப்பார். இன்னொருத்தர் பழைய காதுகுத்துப் படத்தைக் கொண்டுவந்து, கடைசி வரிசையில் எள்ளளவு தெரியும் ஒரு தலையைக் காட்டி, "இவருதான் எங்கப்பா, கொஞ்சம் பெருசாப் போட்டுக் குடுங்க" என்பார். முடியாது என்று நெடுமாறன் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தைத் தனியே வெட்டியெடுத்து, பின்னால் நிற்பவனுடைய காதை நீக்கி, வெள்ளைச் சட்டை மாட்டி, கண்ணில் துளி வெளிச்சம் வைத்து உட்கார வைத்துவிடுவான். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து என் கடை வாசலிலேயே அழுதுவிட்டுப் போவார்கள்.

படித்தது வரலாறு. கம்ப்யூட்டரை யூடியூப் பார்த்துத்தான் கற்றான். படம் திருத்தும் சாப்ட்வேரை விலை கொடுத்து வாங்க வழியில்லாததால், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற புரோகிராமைப் பிடித்துக்கொண்டான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போய், அதற்குள் பைத்தான் என்ற மொழியில் ஸ்கிரிப்ட் எழுதவும் பழகினான். செய்ய வேண்டிய வேலையை வரி வரியாக எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே செய்யுமாம். ஆனால் ஓர் இடத்தில் பிசகினாலும் நின்றுவிட்டு, எந்த வரியில் தப்பு என்று திரையில் எழுதிக் காட்டும். பேசுவதற்கு வேறு ஆள் கிடைக்காதவன் மாதிரி அதனோடு மல்லுக்கு நிற்பான். "ஏன்டா, நேத்து வரைக்கும் தெரிஞ்ச வேல இன்னிக்கு மறந்து போச்சா?" என்று அவன் திட்டுவது என் கடைக்குக் கேட்கும். பேசுவதற்கு ஆள் இல்லாததும் உண்மைதான். வயது நாற்பதை நெருங்கிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. ஸ்டூடியோவின் பின்னறையில்தான் படுக்கை.

அவன் எழுதியதில் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒரு ஸ்கிரிப்டில் இருந்தது. ஒரே ஆளின் மங்கலான படம் நிறைய இருந்தால் போதும். அவற்றில் கண்கள் எங்கே இருக்கின்றன என்று இவன் புள்ளி வைத்துக் கொடுப்பான். ஸ்கிரிப்ட் எல்லா முகத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணுக்கு நேர் கண்ணாக அடுக்கிச் சராசரி எடுக்கும். ஒவ்வொரு படத்திலும் உள்ள புள்ளியும் கறையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் முகம் மட்டும் தெளிந்து வரும். முதல் முறை அதைக் காட்டியபோது நான் வாயைப் பிளந்தேன்.

இவ்வளவும் செய்தவன் பெற்ற தாய்க்கு ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்காது.

அம்மா காளியம்மாள், கொரடாச்சேரிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். நடவு, களையெடுப்பு, வேலை இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலை. டவுனுக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். கேமராவைத் தூக்கினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். "என் மூஞ்சிய என்னத்துக்குப் புடிக்கிற? ஊர்ல வேற கல்யாணப் பொண்ணு இல்லையா?" என்பாராம். இருந்த ஓரிரண்டு பழைய படங்களும் கஜா புயலில் கூரையோடு போய்விட்டன. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், எங்கே போகப்போகிறார் என்று இவன் விட்டுவிட்டான். பக்கத்து ஊர்தான், நினைத்தால் அரை மணியில் போய்விடலாம். அதனாலேயே எப்போதாவதுதான் போவான். தூரத்தில் இருந்திருந்தால் தேதி குறித்துக்கொண்டாவது போயிருப்பான்.

அக்கறை இல்லாதவன் என்று சொன்னால் அதுவும் பொய். தினம் காலையில் போன் செய்வான். "வாய்க்காலுக்குப் போயிட்டியாம்மா?" என்று கேட்பான். "போயிட்டேன்டா. வெயில்ல நின்னு பேச முடியல, வை" என்று அம்மா வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் படம் வரும். இவனுடைய சித்தப்பா மகள் செம்மொழிதான் அந்த ஊரில் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். வேலைக்கு வந்த பெண்களை வாய்க்கால் கரையில் வரிசையாக நிறுத்தி, அரசாங்க ஆப்பில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல் போனால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று இன்னொரு படமும் எடுத்துத் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போடுவாள். அந்த வரிசையில் கட்டம் போட்ட ஒரு சட்டையை நெடுமாறன் தேடுவான். அது இவனுடைய பழைய சட்டை. அம்மா அதைத்தான் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். சட்டையைக் கண்டதும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுவான். அன்றைக்கு அம்மா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

ஆவணியில் ஒரு நாள் செம்மொழி போன் செய்தாள். அம்மா மயங்கி விழுந்துவிட்டதாகவும், திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவருவதாகவும் சொன்னாள். இவன் ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றான். வந்தபோது உயிர் இல்லை. நேற்று வரை வாய்க்கால் வெட்டிய உடம்பு ஒரே நாளில் போய்விட்டது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். செம்மொழி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். துக்கம் என்று நானும் நினைத்தேன்.

அவர்கள் குடும்பத்தில் ஐயரை வைத்துக் காரியம் செய்யும் வழக்கம் கிடையாது. அவன் அப்பா சாகும்வரை விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட வீடுகளில் படத்திறப்புதான் காரியம். பந்தலில் படத்தைத் துணியால் மூடி வைத்து, தோழர் ஒருவர் திறந்து வைப்பார். இரண்டு வார்த்தை பேசுவார்கள், கொஞ்ச நேரம் மௌனமாக நிற்பார்கள், பூப் போடுவார்கள். அவ்வளவுதான். எள்ளும் தண்ணியும் இல்லாத அந்தச் சடங்கில் படம்தான் எல்லாம். படம் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்குக் காரியமே இல்லை. தேதி குறித்தாயிற்று, தோழர்களுக்குச் சொல்லியாயிற்று.

"ஆதாரை வச்சுப் பண்ணேன்" என்றேன்.

"அதுல எங்கம்மா கைதி மாதிரி இருக்காங்க பாய். ஊருக்கெல்லாம் நல்லாப் பண்ணிக் குடுத்துட்டு எங்கம்மாவுக்கு அதையா வைப்பேன்?"

அதையே ஏஐயில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டான். கன்னம் உப்பி, பல் வெளுத்து, நெற்றிச் சுருக்கம் மறைந்து ஒரு பெண் சிரித்தாள். "இவங்க யாரு? ஜவுளிக்கடை விளம்பரமா?" என்று அழித்துவிட்டான். பிறகுதான் வாட்ஸப் படங்கள் அவனுக்கு நினைவுக்கு வந்தன. முகம் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுதான். ஆனால் நிறைய இருந்தன. அடுக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அம்மா வந்துவிடுவார் என்று அவன் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

ஸ்கிரிப்ட் ஓடவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் கிம்ப்பைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தான். பழைய ஸ்கிரிப்டின் முதல் வரி கேட்கும் மாட்யூல் என்ற துணைப் பகுதியே புதியதில் இல்லையாம். வீட்டைக் கட்டியவன் வாசற்படியைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி, உள்ளே நுழையவே முடியவில்லை. பழைய பதிப்பை மறுபடி ஏற்றிப் பார்த்தான். அது வேறு எதிலோ முட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் முழுவதையும் புதிதாக எழுத உட்கார்ந்தான். ஒரு கட்டளைக்குப் பெயர் மாறியிருந்தது. ஒன்றுக்குக் கேட்கும் விவரங்கள் மாறியிருந்தன. ஒன்று தப்பே காட்டாமல் வெறும் கையோடு திரும்பி வந்தது, அதை நம்பிய அடுத்த வரி விழுந்தது. ஒரு பிழையைச் சரி செய்தால் அடுத்த பிழை தலையைக் காட்டும். நடுவில் மின்சாரம் வேறு போகும். படத்திறப்பு நெருங்க நெருங்க அவன் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பது நின்றது. நான் டீ வாங்கி வைத்தால் ஆடை படிந்து அப்படியே இருக்கும்.

ஒரு மத்தியானம், "ஓடிடுச்சு பாய்!" என்று கூவினான். ஓடிப் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு முகம். பார்க்கச் சகிக்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கின் நிழல். வாய் அகன்று கலங்கிக் கிடந்தது. தாடை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"என் தப்புதான்" என்றான். "அடுக்குற எடத்துல எங்கயோ பிசகு இருக்கு. கண்டுபிடிச்சிடுவேன்."

கண்ணுக்கு வைத்த புள்ளிகளை மறுபடி வைத்தான். அடுக்கும் கணக்கை மாற்றினான். சராசரி எடுக்கும் முறையை மாற்றினான். ஒவ்வொரு வரிக்கும் கீழே, அது என்ன செய்தது என்று எழுதிக் காட்டச் சொன்னான். எல்லா வரியும் சொன்னபடிதான் நடந்துகொண்டது. ஆனால் மூக்கு இரண்டாகத்தான் வந்தது. இரண்டு படங்களில் அம்மா வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தார், முகமே தெரியவில்லை. இந்த இரண்டும்தான் கெடுக்கின்றன போலிருக்கிறது என்று அவற்றைத் தூக்கி வெளியே போட்டான். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் ஒரு சோதனை செய்தான். அதே படங்களில் கட்டம் போட்ட சட்டைக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் அகிலாண்டம் என்ற ஓர் அம்மா. அவர் முகத்துக்குப் புள்ளி வைத்து, அதே ஸ்கிரிப்டை ஓட்டினான். அகிலாண்டம் வந்தார். மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது. நெடுமாறன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"ஸ்கிரிப்ட்ல தப்பு இல்ல பாய்" என்றான். பிழை இல்லாமல் போனதற்கு ஒருவன் அப்படி மிரண்டு நான் பார்த்ததில்லை.

மறுபடி அம்மாவின் முகத்தைத் திரைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் செம்மொழி வந்தாள். படத்திறப்புக்கு அடிக்கும் பேனரைப் பார்க்க வந்திருந்தாள். கூடவே காளியம்மாள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்சம். அம்சம் திரையைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இதுல நான் இருக்கேம்பா" என்றார்.

"அக்கா, சும்மா இரு" என்று செம்மொழி அவர் தோளைப் பிடித்தாள்.

"என்னத்த சும்மா இருக்கிறது? செத்தவ மூஞ்சியில என் மூஞ்சிய ஒட்டி வச்சிருக்குது. இன்னும் எத்தன நாளைக்கு மறைக்கச் சொல்ற?"

அதற்குப் பிறகு அம்சமே சொன்னார். சித்திரையிலேயே காளியம்மாளுக்கு ரத்தப்போக்கு கண்டுவிட்டது. அந்த வயசுக்கு மேல் வரக் கூடாத போக்கு. நிற்கவே இல்லை. முதலில் ஓரிரு நாள் வாய்க்காலுக்கு வந்து கரை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டால், நடவு முடியட்டும் என்பார். மகனிடம் சொல்லட்டுமா என்றால், பெற்ற பிள்ளையிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று கையைப் பிடித்துக்கொள்வார். வேலைக்கு வரவில்லை என்று தெரிந்தால் அவனே வந்து நிற்பானே என்று பயம் வேறு.

"என் சட்டையப் போட்டுக்கிட்டு போட்டோவுல நில்லுங்கடி, அவன் சட்டையத்தான் பாப்பான்னு சொல்லுச்சுப்பா" என்றார் அம்சம். "எங்கள்ல யாருக்கு அன்னிக்கு வேல குடுக்கலையோ அவங்க நின்னோம். ஒரு நாள் நான், ஒரு நாள் மேலத்தெரு பொண்ணு, இன்னொரு நாள் வேற யாராவது. அது பேருக்கு பேங்குல வர்ற கூலியையும் நின்னவளுக்கே எடுத்துக் குடுத்துடும். அது காசுக்குப் பண்ணல. ஒன் ஒருத்தனுக்குத்தான் பண்ணுச்சு."

"வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும் மாறா" என்று செம்மொழி அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓர் உயிர் போய்க்கொண்டிருந்ததை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வேலையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது. அவர்களாவது கூட இருந்தார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், துணி அலசிப் போட்டார்கள்.

நெடுமாறன் கத்தவில்லை, அழவும் இல்லை. "ஆடியில நான் வந்தப்ப?" என்று மட்டும் கேட்டான்.

"நீ வர்றேன்னு போன் பண்ணினதும் குளிப்பாட்டி, நல்ல பொடவ கட்டி, மூஞ்சிக்குப் பவுடர் பூசி உக்கார வச்சோம்பா. நீயும் டீயக் குடிச்சிட்டு, கஸ்டமர் நிக்கிறாங்கன்னு கெளம்பிட்ட. போனப்பறம் ரொம்ப நேரம் சிரிச்சுச்சு, மாறனுக்கு ஒண்ணும் தெரியலன்னு."

அவன் செல்போனை எடுத்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்குக் கீழேயும் அவன் போட்ட கட்டைவிரல் இருந்தது. அந்தக் குழுவில் இருந்த பெண்கள் எல்லோரும் தினமும் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சித்திரைக்கு முந்தைய படங்களில் நிஜமான அம்மா இருந்திருப்பார். ஆனால் போன் நிறைந்துவிட்டது என்று அவற்றை அவனே அழித்திருந்தான். செம்மொழி போனிலும் இல்லை, ஆப்பில் ஏற்றியது போனில் தங்காதாம்; தெருவில் எல்லோர் போனிலும் தேடச் சொன்னாள். நூறு நாள் வேலைப் படத்தை யார் பொத்தி வைத்துக்கொள்வார்கள்? எவரிடமும் இல்லை.

மிஞ்சியவை, சரியில்லை என்று அவன் வெளியே தள்ளிய அந்த இரண்டு படங்கள்தான். அவற்றில்தான் காளியம்மாள் இருந்தார். வலி தாங்காமல் குனிந்திருந்ததால் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. அந்த இரண்டையும் பெரிதாக்கி, சிறிதாக்கி, வெளிச்சம் கூட்டி, குறைத்து என்னென்னவோ செய்தான். ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டவில்லை. முகம் படத்திலேயே இல்லாதபோது அது எங்கிருந்து கொடுக்கும்? நான் போய் மெல்லத் திரையை அணைத்தேன். அவன் தடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் ஆதார் படத்தைத்தான் அச்சடித்தோம். நான் என்னிடம் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சட்டமாகப் பார்த்துப் போட்டேன். அவன் அந்தப் படத்தில் ஒன்றையும் திருத்தவில்லை. கண்ணில் வைக்கும் அந்தத் துளி வெளிச்சத்தைக்கூட வைக்கவில்லை. கேட்டதற்கு, "எங்க வைக்கணும்னு தெரியல பாய்" என்றான்.

படத்திறப்பு அவர்கள் தெருவிலேயே நடந்தது. தோழர் துணியை விலக்கினார். இரண்டு நிமிடம் மௌனம் என்றார்கள். எல்லோரும் தலை குனிந்து நின்றோம். நான் ஓரக்கண்ணால் நெடுமாறனைப் பார்த்தேன். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. எதிரே நின்ற பெண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அம்சத்தைப் பார்த்தான், மேலத்தெருப் பெண்ணைப் பார்த்தான், அப்புறம் இன்னொருத்தியை. அவர்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது என் வண்டியில்தான் பின்னால் உட்கார்ந்திருந்தான். குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்ததால் சாலை முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினேன். ஊர் எல்லை தாண்டிய பிறகு என் தோளில் கை வைத்தான்.

"பாய், கண்ண மூடி அம்மான்னு நெனச்சா அம்சம் அக்கா வர்றாங்க. அந்தப் பொண்ணு வருது. அப்பறம் இன்னொருத்தவங்க வர்றாங்க. எங்கம்மா மட்டும் வர மாட்டேங்குறாங்க."

வண்டியை நிறுத்தாமல் ஓட்டினேன்.